தங்கேஸ்வரி வீட்டு நண்டுக்கறி

சல்லிக் கிராமத்தில் எங்கள் சின்ன ஒழுங்கைக்குள் குடியிருக்கிறவர்களுக்கு ஒட்டுக்கேட்கிற பழக்கம் கிடையாது. மதில்கள்தான் தாழ்வு. அதனால் கஜந்தி வீட்டு விறாந்தையில் நடக்கும் ஆங்கில வகுப்பை, உள்ளே இருக்கிற பிள்ளைகளைவிட வாசலில் நிற்கிற தாய்மார்தான் கூடக் கவனிப்பார்கள். கை சைக்கிளைப் பிடித்திருக்கும், காது உள்ளே போயிருக்கும். ரீச்சர் எங்கே தடுமாறுகிறா என்று பார்ப்பது அவர்கள் வைக்கிற சோதனை.

ஒரு சனிக்கிழமை கஜந்தி தடுமாறினாள். கருவாடு போடுகிற தங்கேஸ்வரியின் மகள் லக்சனா, ‘கறி ஃபேவர்’ என்றால் என்ன என்று கேட்டாள். பந்தம் பிடிக்கிறது, காரியம் ஆவதற்காக ஒருவரைக் குளிர வைக்கிறது என்று கஜந்தி விளங்கப்படுத்தினாள். பிள்ளை விடவில்லை. அதுக்குள் எங்கள் கறி ஏன் வந்தது என்றாள்.

“தெரியாது. பாத்துப்போட்டு அடுத்த கிழமை சொல்லுறன்.”

ஒரு ரீச்சர் தன் வாயால் தெரியாது என்று சொன்னதை வாசல் தாங்கவில்லை. மறுநாளே தங்கேஸ்வரி மகளை ஏற்றிக்கொண்டு டவுனில் பெரிய வகுப்பு நடத்தும் ரிஷிகேசன் சேரிடம் போனாள். சேர் கண் இமைக்காமல் பதில் சொன்னார். வெள்ளைக்காரன் இந்தத் துறைமுகத்தில் இருந்தபோது எங்கள் ஆட்கள் கறி சமைத்துக் கொடுத்து வேலை எடுத்தார்களாம். அதிலிருந்துதான் அந்தச் சொல் பிறந்ததாம்.

இதைக் கேட்ட தங்கேஸ்வரி தரையில் நிற்கவில்லை. அவளுடைய புருசனின் தாத்தா நேவி யார்ட்டில் கூலியாக இருந்தவர். ஒரு வெள்ளை ஒபிசருக்கு நண்டுக்கறி வைத்துக் கொடுத்து நிரந்தரச் சமையல்காரரானவர். அந்த வீட்டுக் கலியாணம் எதிலும் இந்தக் கதை இல்லாமல் பந்தி எழும்பியதில்லை. ஆகவே சேர் சொன்னது தன் வீட்டைத்தான் என்று முடிவுகட்டிவிட்டாள். கருவாட்டுப் பாயடியில் சொன்னாள், கோயில் வீதியில் சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள், தன்னிடம் கருவாடு வாங்கும் நிலாவெளி ஹோட்டல் மனேஜரிடமும் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தானாம். எனக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இங்கிலீசுக்கே சொல் கொடுத்த ஒழுங்கை வேறு எங்கே இருக்கிறது?

ஆனால் அந்த வாரமே பிள்ளைகள் ஒவ்வொருவராய் டவுன் பக்கம் திரும்பினார்கள். கஜந்தி வீட்டுப் பாய்கள் சுருட்டியபடி சுவரில் சாய்ந்து கிடந்தன. கொழும்பில் இருக்கிற அவளுடைய மாமா, கொம்பனி ஒன்றில் அவளுக்கு வேலை பார்த்து வைத்திருந்தார். வகுப்பு படுத்தால் மாத முடிவில் புறப்பட்டு வா என்பது அவர் கட்டளை. சல்லியிலிருந்து ஆங்கிலத்தில் பட்டம் எடுத்த முதல் பிள்ளை, ஊரிலேயே இருந்து படிப்பிப்பேன் என்று வந்தவள், கழுவின பயணப் பெட்டியை வெயிலில் காயவைத்திருந்ததை எங்கள் முற்றத்தில் நின்று நானே பார்த்தேன். மதில் தாழ்வு என்று சொன்னேன் அல்லவா.

அடுத்த சனிக்கிழமை மிஞ்சிய பிள்ளைகள் விறாந்தையின் ஒரு மூலைக்குள் அடங்கிவிட்டார்கள். வாசல் மட்டும் நிரம்பி வழிந்தது. பிள்ளைகளை வகுப்பால் நிறுத்திய தாய்மார் எல்லாரும் ரீச்சர் என்ன சொல்லப்போகிறா என்று கேட்க வந்திருந்தார்கள். முன்னுக்குத் தங்கேஸ்வரி, சைக்கிள் பின்சீற்றில் லக்சனா.

கஜந்தி டவுன் நூலகத்தில் இருந்து பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஆங்கிலத்தில் கறி என்று இரண்டு சொல் இருக்கிறது என்றாள். சாப்பிடுகிற கறி எங்களுடையது, சந்தேகமே இல்லை. போர்த்துக்கேயர் கதிரை, குசினி, அலுமாரி என்ற சொற்களை எங்களிடம் விட்டுவிட்டு, போகும்போது கறியைக் கொண்டுபோனார்கள். வாசல் சந்தோசமாய்த் தலையாட்டியது. மற்றக் கறி பழைய பிரெஞ்சுக்காரரிடம் இருந்து வந்தது, குதிரையைத் தேய்த்துச் சீவிவிடுவது என்று அர்த்தம். குதிரை முதுகைத் தேய்ப்பது பிறகு ஆளின் முதுகைச் சொறிவதாகிவிட்டது. எந்த வெள்ளைக்காரனும் இந்தத் துறைமுகத்தைக் காண முதலே அது அங்கே புழங்கியது.

தலையாட்டல் நின்றது.

“அப்ப எங்கட வீட்டு நண்டுக்கறிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையோ?” என்றாள் தங்கேஸ்வரி.

‘இருக்கு’ என்று ஒரு சொல் போதும். பாய்களெல்லாம் திரும்ப விரிந்திருக்கும்.

“இல்லை, அக்கா.”

“ரீச்சருக்கு எங்கட பெருமை பிடிக்கேல்லைப் போல” என்று பின்னால் நின்ற துஷாந்தி குத்தினாள்.

கஜந்தி எழும்பி வாசல் படலைக்கு வந்தாள். “அந்தச் சொல்லுக்குப் பந்தம் பிடிக்கிறது எண்டு அர்த்தம், அக்கா. உங்கட வீட்டுக்காரற்ற தாத்தா வெள்ளைக்காரனுக்குப் பந்தம் பிடிச்சவரோ?”

“ஆர் சொன்னது? அந்த மனுசன் ஒருத்தனுக்கும் குனியாதவர்.”

“நீங்கள்தானே பஸ்ஸில சொல்லிக்கொண்டு திரியிறியள். அவர் ருசியாச் சமைச்சார், வேலை குடுத்தாங்கள். அது அவற்ற கைக்குக் கிடைச்ச வேலை. குதிரை தேய்க்கிறவன்ர சொல்லைக் கொண்டுவந்து ஏன் அவற்ற தலையில கட்டுறியள்?”

தங்கேஸ்வரியின் முகம் போன போக்கை நான் கிட்ட நின்று பார்த்தேன். நிலாவெளி மனேஜர் அன்றைக்கு ஏன் அப்படி விழுந்து விழுந்து சிரித்தான் என்று அப்போதுதான் அவளுக்கு ஓடியிருக்க வேண்டும். அவனுக்கு இங்கிலீசு தெரியும். ஒரு வாரமாய், தன் வாயாலேயே, குனியாத மனுசனை ஊரெல்லாம் குனிய வைத்திருக்கிறாள். சேரும் அதை யோசிக்கவில்லை, பெருமைப்பட்ட நாங்களும் யோசிக்கவில்லை.

அவள் சைக்கிளைச் சாய்த்தாள்.

“லக்சனா, இறங்கு. உள்ள போய் இரு.”

துஷாந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தங்கேஸ்வரி பார்த்த பார்வையில் அவளும் தன் மகனைக் கூட்டிவர வீட்டுக்கு நடந்தாள். எல்லாரும் வரவில்லை. டவுன் சேருக்கு முற்பணம் கட்டினவர்கள் மாதம் முடியட்டும் என்று நின்றுகொண்டார்கள். என்றாலும் கஜந்தி அன்றைக்கே மாமாவுக்குப் போன் எடுத்து வர ஏலாது என்று சொன்னாள். உரத்துத்தான் சொன்னாள், எங்கள் குசினி வரை கேட்டது.

இப்போது நிலாவெளி பஸ்ஸில் புதுக் கதை ஓடுகிறது. அதில் வெள்ளை ஒபிசர்தான் நண்டுக்கறிக்காகத் தாத்தாவுக்குப் பந்தம் பிடிக்கிறார். சனிக்கிழமைகளில் எங்கள் படலையைத் திறக்க முடியாத அளவுக்குச் சைக்கிள்கள். நான் குறை சொல்வதில்லை. எங்கள் ஒழுங்கைப் பிள்ளையின் வகுப்பல்லவா.