ஏழு மூட்டை வெளிச்சம்

மாடக்கண்ணுவின் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து எபனேசர் சொன்ன விலை ஒன்பதாயிரத்து ஐநூறு ரூபாய். "விடியுமுன்ன பனி மூட்டத்துல உங்க பழைய பல்பு தீக்குச்சி மாதிரி எரியுது அண்ணாச்சி. இது லைட்டு இல்ல, உங்களுக்குக் கண்ணு" என்றான்.

"ரெண்டு கண்ணுக்கும் ஆறாயிரம். ஒரு கண்ணு போதும்னா மூவாயிரம். எது வசதி வே?" என்றார் மாடக்கண்ணு.

எட்டாயிரத்து அறுநூறில் முடிந்தது. ஐயாயிரம் கையில், மீதி பிறகு.

நாங்குநேரியில் நாற்கரச் சாலையை ஒட்டி எபனேசரின் ஒயரிங் கடை. மாடக்கண்ணுவின் ஜீப், களக்காட்டு மலைமேல் இருக்கும் கிராம்பு எஸ்டேட்டுக்கு விடியுமுன் ஆள் ஏற்றிப் போவது. போன வாரம் மூன்றாவது வளைவில் பனி இறங்கி, ரோடு எது, பள்ளம் எது என்று தெரியாமல் வண்டியை நிறுத்திவிட்டார். பறிப்பு ஆட்களின் தலைவி கலையரசி இறங்கி, செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஜீப் பின்னால் ஊர்ந்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் சொன்னாள்: "வழியும் நான் காட்டணும், காசும் நான் குடுக்கணுமா? திங்கக்கிழமைக்குள்ள லைட்ட மாத்துங்க அண்ணாச்சி. இல்லன்னா சுடலைமாடன் ஜீப்புல ஏறிருவோம்."

சுடலைமாடனின் ஜீப் புதியது. கலையரசியின் ஆட்கள் போய்விட்டால் மாடக்கண்ணுவின் ஜீப்புக்கு வேறு சவாரி கிடையாது.

எபனேசர் தடித்த ஒயர் இழுத்து, ரிலே வைத்து, புது லைட் இரண்டையும் மாட்டினான். ஷட்டரை இறக்கி ஷெட்டை இருட்டாக்கினான். எதிர்ச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் வந்து உட்கார வேண்டும்.

"பின்னால ஆள் ஏறினா ஸ்பிரிங் பட்டை அமுங்கி, வண்டி மூக்கத் தூக்கும். லைட்டும் மேல போயிரும். அதனால எடைய ஏத்தி வச்சுத்தான் செட்டிங் பண்ணணும். எத்தன பேரு ஏத்துவீங்க?"

"ஏழு" என்றார் மாடக்கண்ணு.

ஏற்றுவது பதினாலு. போலீஸ்காரர் கேட்டாலும், வசூலைக் கணக்குப் பார்க்கும் மனைவி மாரித்தாய் கேட்டாலும் ஏழு என்றே சொல்லிப் பழகிய வாய். போதாததற்கு எபனேசரின் மச்சான் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் புரோக்கர்.

பக்கத்து உரக்கடையில் ஏழு மூட்டையைக் கைமாற்றாக வாங்கி ஜீப்பில் அடுக்கினான் எபனேசர். லைட்டின் திருகாணியைத் திருகினான். வெளிச்சம் கோட்டில் வந்து உட்கார்ந்தது. மாடக்கண்ணுவுக்கே கண் கூசியது.

சனிக்கிழமை விடியற்காலம் பதினாலு பேர் ஏறினார்கள். மலை ஏற ஏற வெளிச்சமும் மரம் ஏறியது. கிளைகள் பகல் போல் இருந்தன. தூங்கிக்கொண்டிருந்த குரங்குகள் விழித்து, பல்லைக் காட்டி வைதன. ரோடு மட்டும் பழைய இருட்டிலேயே கிடந்தது.

"ஏ அண்ணாச்சி, கொரங்குக்கா லைட்டு போட்டிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே கலையரசி இறங்கினாள், கையில் செல்போனோடு. "நாளைக்கு லீவு. திங்கக்கிழமை காலைல நான் இறங்கி நடக்க மாட்டேன், ஆமா."

அன்று சாயங்காலம் திரும்பும் வழியில், கடைக்கு ஒரு கூப்பிடு தூரம் முன்னாலேயே பதினாலு பேரையும் டீக்கடையில் இறக்கிவிட்டார் மாடக்கண்ணு. காலி ஜீப்போடு போய்ச் சண்டையைத் தொடங்கினார். "உம்ம சாமான் சரியில்ல வே. பாதி ரூவாயத் திருப்பும்."

எபனேசர் மறுபடி ஏழு மூட்டையை ஏற்றினான், ஷட்டரை இறக்கினான், லைட்டைப் போட்டான். "கோட்டப் பாருங்க அண்ணாச்சி. நூல் பிடிச்ச மாதிரி நிக்கி. குறை சொன்னா வேற கடையில காட்டிக்கோங்க."

வேறு கடையிலும் எத்தனை பேர் என்றுதான் கேட்பார்கள். சுடலைமாடனின் புது ஜீப் மாடக்கண்ணுவின் மனசில் ஒரு சுற்று வந்து போனது.

"பதினாலு" என்றார், உதட்டுக்குள்ளேயே.

"என்னது?"

"பதினாலு பேரு வே! மைக் வச்சுச் சொல்லணுமா?"

"மச்சான்கிட்ட சொல்லிருவேன்னு பயந்தீங்களாக்கும். அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்னு ரெண்டு வருசமாச்சு" என்றான் எபனேசர். "ஆனா பதினாலு மூட்டை உரக்கடையில தர மாட்டாவ. ஆளக் கூப்பிடுங்க."

மூட்டைகள் இறங்கின, ஆட்கள் வந்தார்கள். கலையரசி படியில் ஒரு காலை வைத்து நின்றுகொண்டாள். "மூட்டை மாதிரி சும்மா உக்கார மாட்டோம். டீ சொல்லுங்க."

"இப்பத்தானே குடிச்சீங்க?"

"அது எங்க காசு."

பதினாலாவது ஆளாக அவள் ஏறி உட்கார்ந்ததும் வெளிச்சம் கோட்டை விட்டு எழும்பிச் சுவரின் உச்சிக்குப் போனது. எபனேசர் திருகத் திருகப் பைய இறங்கி, கோட்டுக்கு வந்தது. கலையரசி எட்டிச் சுவரைப் பார்த்தாள். "திங்கக்கிழமை நாலு மணிக்கு வந்துருங்க அண்ணாச்சி" என்றாள். சுடலைமாடன் பேச்சை எடுக்கவில்லை.

"பதினஞ்சாவது ஆள ஏத்தினா திரும்பக் கொண்டு வாங்க. அதுக்குக் கூலி தனி" என்றபடி எபனேசர் பில் புத்தகத்தைத் திறந்தான். லைட்டும் ஒயரும் எட்டாயிரத்து அறுநூறு. இரண்டாவது செட்டிங் முந்நூறு. டீ பதினாலு, நூற்று அறுபத்தெட்டு. ஆக ஒன்பதாயிரத்து அறுபத்தெட்டு, வரவு ஐயாயிரம், பாக்கி நாலாயிரத்து அறுபத்தெட்டு. தலைக்கு அறுபது ரூபாய் வசூலில் ஏழு பேர் என்றால் அடைக்கப் பத்து நாள் ஆகும், பதினாலு பேர் என்றால் ஐந்து. தவணை என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி எபனேசர் நிமிர்ந்து பார்த்தான்.

"அஞ்சு நாள்னே போடும்" என்றார் மாடக்கண்ணு.