குனியாத சாரசம்

பசி இல்லாமல் இல்லை. மீன் வாளியைக் கண்டதும் ஆண் சாரசம் நெடுங்கால்களை வீசிப் போட்டு வந்துவிடும். சிவந்த கழுத்தைப் பாதி வளைக்கும். உடனே வெடுக்கென்று நிமிர்ந்து நாலாபக்கமும் பார்க்கும். பிறகு மீனைத் தொடாது. ஆறு நாளாக இதே கதை. ஏன் என்றுதான் தாசையனுக்குப் பிடிபடவில்லை.

கரமனையாற்றை ஒட்டிய பங்களாவில் பறவைகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஆளுயரமுள்ள அந்தக் கொக்குகள் வடக்கே சதுப்பிலிருந்து ஜோடியாக ரயிலில் வந்தவை. கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பத்து, ஆவணியில் பெட்டை நோயில் செத்தது; அன்றிலிருந்துதான் ஆண் தின்னவில்லை. வேறொன்று கேட்டு எஜமான் வடக்கே தந்தி அடித்தார். சதுப்பெல்லாம் வயலாகிவிட்டது, இனி கிடைப்பது கஷ்டம் என்று பதில் வந்தது. இதையும் சாகவிடக் கூடாது.

துட்டி வீட்டில் துக்கப்பட்டவரை வெறித்துப் பார்ப்பது தாசையன் ஊரில் மரியாதையில்லை. அதனால் குளத்தைச் சுற்றி ஓலைத்தட்டி கட்டினான். மீனைப் போட்டுவிட்டுத் தானும் தட்டிக்குப் பின்னால் குத்தவைத்துக்கொள்வான். மறுநாள் மீன் அப்படியே மிதக்கும். பறவையின் மார்பெலும்பு துருத்திக்கொண்டு வந்தது.

ஏழாம் நாள் மத்தியானம் அவன் மனைவி ரத்னாபாய் கஞ்சி கொண்டுவந்தாள்.

"நீங்க குனிஞ்சு குடியுங்க. காக்கா கருவாட்டைத் தூக்காம நான் நிண்ணு பாத்துக்கிடுதேன்."

அவன் கை பாதியில் நின்றது. "ஏட்டி, இந்தக் கொக்கு ரெண்டும் ஒண்ணிச்சு தின்னு நீ கண்டிருக்கியா?"

"எங்க? ஒண்ணு தின்னா மத்தது போலீசு மாதிரில்லா நிக்கும். ரெண்டு வருஷமா தீனி போட்டவருக்கு இப்பதான் தெரிஞ்சுதாக்கும்."

தாசையன் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தான். சாரசத்தின் பின்விரல் சிறியது, உயரத்தில் இருப்பது. கிளையைப் பற்ற உதவாது. மரத்தில் ஒதுங்க முடியாத பறவை திறந்த சதுப்பிலேதான் இரை தேட வேண்டும். தலை தண்ணீருக்குள் போனால் நரி வருவது தெரியாது. அதனால் ஒன்று குனியும்போது மற்றது காவல் நிற்கும். இப்போது காவலுக்கு ஆளில்லை. போதாததற்கு, இரக்கப்பட்டு அவன் கட்டிய தட்டி சுற்றுப்புறத்தையும் மறைத்துவிட்டது.

தட்டியை அறுத்து எறிந்தான். முழங்கால் தண்ணீரில் இறங்கி, பறவைக்கு முதுகைக் காட்டி, வெளியே பார்த்து நின்றான். வெகுநேரம் கழித்துப் பின்னால் தண்ணீர் சலசலத்தது. நடுவில் ஒருமுறை ஓசை நின்றது. மெல்லத் திரும்பினான். பெட்டை வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்தபடி, வாயில் மீனோடு நின்றது அது. பிறகு விழுங்கிவிட்டு மறுபடி குனிந்தது. தாசையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்றிலிருந்து அதுதான் முறை: தட்டி கூடாது, மீன் போட்டதும் ஒருவர் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, அது தின்று முடிக்கும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.