நான்காம் நம்பர் சீட்டு

சூடான உருளைகளுக்கு நடுவிலிருந்து படுக்கை விரிப்பு ஒன்று ஆவியோடு வெளியே வந்து தொங்கியது. முறைப்படி அதை இழுக்க வேண்டியவள் நெட்டை. இழுத்தாள். மூலையோடு மூலை சேர்த்துப் பாதியாக மடித்தாள். அத்தோடு நின்றுவிட்டாள். துணியின் இரண்டு நுனிகளும் அவள் விரல்களுக்கிடையில் இருந்தன. கண் மட்டும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சுவரில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

"ஏய் நெட்டை, அடுத்தது வருதுடி" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

பக்கத்து மேசைக்காரிக்கு அந்தச் சலவை ஆலையில் ரேடியோ என்று பெயர். காலையில் மேலங்கியை மாட்டும்போது திறக்கிற வாய், மாலையில் அதைக் கழற்றும்போதுதான் மூடும். அதற்கடுத்த மேசைக்காரி எல்லோருக்கும் மூத்தவள், யார் மடித்தாலும் குற்றம் கண்டுபிடிப்பவள். அவள் பெயர் மாமியார். கடைசி மேசைக்காரிக்கு, வேலைக்கு வந்து மூன்று வருடமாகியும், இன்னும் புதுசு என்றுதான் பெயர். நான்கு பேருக்கும் முறைவைத்து ஆளுக்கொரு விரிப்பு. பத்து மடித்தால் ஓர் அடுக்கு. அடுக்கின் மேல் அவரவர் நம்பர் போட்ட சீட்டைச் செருகித் தள்ளிவிட வேண்டும். ஓரத்தில் இருக்கிற கருவி 'கீக்' என்று ஒரு சத்தம் போட்டு அதைப் படித்துக்கொள்ளும். யார் எத்தனை அடுக்கு என்பது ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது.

நெட்டையின் சீட்டு நான்காம் நம்பர். போன மாதம்வரை அந்த ஆலையிலேயே வேகமான கை அவளுடையது. உயரமானவள் என்பதால் குனியாமல் மடிப்பாள். துணி அவள் கையில் தானாகவே படிந்துகொள்வதுபோல் இருக்கும். இப்போது தலை சீவாமல் வருகிறாள். மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறாள். தினமும் கால் மணி நேரம் தாமதம் வேறு.

முதலில் ரேடியோ தனக்குத் தெரிந்த வைத்தியத்தைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா?"

"இல்ல."

"மாமியார்? நம்ம மாமியார் இல்லடி, உன் மாமியார்."

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"அப்புறம் என்னடி? கை கால் நல்லாருக்கு, பிள்ளை படிக்குது. சும்மா எதையாவது போட்டு மனசைக் குழப்பிக்காத. நாலு வார்த்தை சிரிச்சுப் பேசு, எல்லாம் பறந்துடும்."

நெட்டை சிரிக்க முயன்றாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் ரேடியோவுக்கு வீட்டிலும் சோறு இறங்கவில்லை. காரணம் இருந்தால் சண்டை போடலாம். காரணமே இல்லாத ஒன்றோடு எப்படி மல்லுக்கு நிற்பது?

அன்றிலிருந்து அவர்கள் மூவரும் பேசிவைத்துக்கொள்ளாமலே ஒன்று செய்தார்கள். நெட்டை நின்றுவிட்டால் அவள் முறைக்கு வரும் விரிப்பை ரேடியோ இழுத்தாள். ரேடியோவின் கை நிறைந்திருந்தால் புதுசு பாய்ந்து வந்தாள். முதல் நாள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்த மாமியார், மறுநாள் தான் கட்டிய அடுக்கில் நான்காம் நம்பர் சீட்டைச் செருகித் தள்ளினாள். "மடிப்பு கோணலா இருந்தா அவ பேர் கெட்டுடும், பார்த்து மடிங்க" என்று மற்ற இருவரையும் அதட்டவும் செய்தாள். நெட்டைக்கு ஒரு சீட்டுகூடக் குறையவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதை விட்டார்கள். புதுசின் மணிக்கட்டு வீங்கியது. துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டாள். ஆறு வாரம் இப்படிப் போயிற்று.

ஒரு மதியம் உடை மாற்றும் அறையில் ரேடியோவும் நெட்டையும் மட்டும் இருந்தார்கள். நெட்டை ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மற்றதைக் கையில் வைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெகு நேரமாக அப்படியே இருந்தாள். ரேடியோவின் வாய்க்கு என்றைக்குமே பூட்டுக் கிடையாது. மற்றவர்கள் மனதில் நினைத்துவிட்டு விழுங்கிவிடுவதை அவள் கேட்டுவிட்டாள்.

"ஏண்டி, செத்துப் போயிடலாம்னு தோணுதா உனக்கு?"

கேட்டபின் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. சுவருக்கு அப்பால் துவைக்கும் இயந்திரம் ஒன்று சுற்றி நின்று, மறுபடி சுற்றத் தொடங்கியது. ரேடியோ தன் வாழ்நாளில் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தது அதுதான் முதல் தடவை.

"தோணுது" என்றாள் நெட்டை. "பாலத்து மேல நடக்கும்போது தோணுது. அதனால அந்த வழியா வர்றதில்ல. சுத்திக்கிட்டு வர்றேன்."

தினமும் தாமதமாகும் கால் மணி நேரம் அதுதான். யாரிடமும் சொல்லாமல், ஆறு வாரமாக, வெயிலிலும் மழையிலும் இவள் தன்னைத் தானே கைப்பிடித்து நீண்ட வழியில் கூட்டி வந்திருக்கிறாள். ரேடியோ அவள் கையிலிருந்த செருப்பை வாங்கிக் கீழே உட்கார்ந்து காலில் மாட்டிவிட்டாள்.

"நாளையிலேர்ந்து உங்க வீட்டு வாசல்லயே நிக்கிறேன். சேர்ந்தே சுத்திக்கிட்டு வருவோம். என் உடம்பும் இளைச்ச மாதிரி ஆச்சு."

விடுமுறை நாளன்று அரசாங்க மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். மனநலப் பிரிவின் வரிசையில் மூன்று மணி நேரம். உள்ளே போனதும் ரேடியோ முந்திக்கொள்ளவில்லை; கேட்ட கேள்விகளுக்கு நெட்டையே பதில் சொன்னாள், ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்துக்கொண்டு. டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை.

"இது சோம்பலும் இல்ல, வேஷமும் இல்ல. நோய். காரணம் இருந்துதான் வரணும்னு இல்லை. மாத்திரை வேலை செய்ய மூணு நாலு வாரம் ஆகும். எட்டு வாரம் ஓய்வு எழுதித் தர்றேன்" என்றாள். பிறகு ரேடியோவைப் பார்த்தாள். "நீங்க யாரு, அக்காவா?"

"பக்கத்து மேசை" என்றாள் ரேடியோ.

மறுநாள் மாலை, உருளைகளை நிறுத்தியபின், இருவரும் கடிதத்தோடு மேனேஜர் முன் நின்றார்கள். அவர் கடிதத்தை ஒருமுறை படித்தார். கம்ப்யூட்டரில் எதையோ தட்டி, திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"இது உங்க நாலாம் நம்பர். ஆறு வாரத்துல ஒரு நாள்கூட ஒரு அடுக்கு குறையல. இப்படி வேலை செய்யறவங்களுக்கு என்னம்மா நோய்? உடம்பு முடியாம வேலை பாதிச்சிருந்தாத்தான் சம்பளத்தோட லீவு. இதுல பாதிப்பே இல்லையே. வராம நின்னீங்கன்னா, வேலையை விட்டு நின்னதாத்தான் அர்த்தம்."

நெட்டை கடிதத்தை எடுத்து மடித்தாள். நான்காக, ஓரம் பிசகாமல். "சரிங்க சார், நான் நாளைக்கு வர்றேன்" என்று திரும்பினாள். ரேடியோ அந்தக் குரலைக் கேட்டாள். இவள் நாளைக்கு எந்த வழியாக வருவாள்?

"சார், அது அவ மடிச்சது இல்ல. நான் மடிச்சது. அவ சீட்டை நான்தான் வெச்சேன்."

மேனேஜர் நிமிர்ந்தார். "பொய்ச் சீட்டா? அதுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா?"

"தெரியும் சார். வேலை போகும்."

கதவு திறந்தது. வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமியார் உள்ளே வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் புதுசு.

"அவ ஒருத்தியே எப்படி சார் மடிக்க முடியும்? அவளுக்கு வாய் வேகம், கை வேகம் கிடையாது. பாதி நான் வெச்சது" என்றாள் மாமியார்.

"நானும்தான்" என்று புதுசு கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

நெட்டை மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இது அப்போதுதான் தெரிந்தது. தான் எத்தனை மடித்தோம், எத்தனை மடிக்கவில்லை என்பதை எண்ணும் நிலையிலா அவள் இருந்தாள்? வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பல வாரங்களுக்குப் பிறகு வந்த அழுகை.

மேனேஜர் கோபப்படுவார் என்று காத்திருந்தார்கள். அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்தார். குரல் மெதுவாகிவிட்டது.

"அப்போ ஆறு வாரமா நாலு மேசை வேலையையும் மூணு பேர்தான் பார்த்தீங்களா?"

"ஆமா சார்" என்றாள் ரேடியோ. அவளை அறியாமல் குரலில் ஒரு பெருமிதம் ஏறியது. "ஒரு துணி தரையில விழுந்ததில்ல. வேணும்னா கணக்குப் பார்த்துக்குங்க."

"பார்த்துக்கறேன்" என்றார் அவர். எட்டு வார விடுப்பில் கையெழுத்துப் போட்டார். நெட்டையைப் பார்த்து, "உடம்பைப் பார்த்துக்குங்கம்மா. மத்ததை வந்ததும் பேசிக்கலாம்" என்றார்.

வெளியே வந்ததும் மாமியார்தான் முதலில் பேசினாள். "மனுஷன்டி. நாமதான் அவரைக் கல்லுன்னு நெனச்சுட்டோம்." நான்கு பேரும் பாலத்தைத் தவிர்த்துச் சுற்றி நடந்து நெட்டையை வீடு சேர்த்தார்கள்.

திங்கட்கிழமை அவர்கள் வந்தபோது மடிக்கும் இடத்தில் மூன்று மேசைகள்தான் இருந்தன. இயந்திரம் பழுதுபார்ப்பவர் உருளையின் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. வேகத் திருகு நின்ற இடத்திலேயே சிவப்பு வண்ணத்தால் அடையாளமிட்டுவிட்டுப் போனார். பலகையில் இனி மூன்று பேருக்கான இலக்கு என்று ஓர் எண் எழுதியிருந்தது. அது நால்வருடைய பழைய எண்.

"நாமளே வாயக் கொடுத்து…" என்று தொடங்கினாள் புதுசு.

"மூடு. அவளுக்குத் தெரியக் கூடாது" என்றாள் மாமியார்.

ஐந்தாம் வாரம் மருத்துவமனைச் சீட்டைக் கொடுக்க நெட்டை ஆபீசுக்கு வந்தாள். ரேடியோ ஓரக்கண்ணால் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்றிருந்தாள். தலை சீவியிருந்தாள். முகத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. மடிக்கும் இடத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒருமுறை பார்த்தாள், மேசைகளை எண்ணுவதுபோல் மறுபடியும் பார்த்தாள். பிறகு அவர்களைப் பார்த்துச் சிரித்து, கையை உயர்த்தி ஆட்டினாள். அது பழைய நெட்டையின் சிரிப்பு.

உருளை அடுத்த விரிப்பைத் தள்ளியது. அதன் பின்னாலேயே இன்னொன்று. மூன்று பெண்களும் அவளைப் பார்த்தார்கள். பதிலுக்கு ஆட்ட ஒருத்திக்கும் கை ஒழியவில்லை. கண்ணாடிக்கு அப்பால் நெட்டை கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.