குளிரில் தண்ணீர் ஊற்றக் கூடாது

பசுபதி வந்து இறங்கியபோது தான் வெளியே நின்று யுக்கா செடியைக் கட்டிக்கொண்டிருந்ததாகத்தான் பத்மநாபனுக்கு நினைவு. மகள் ரக்ஷா அப்படி இல்லை என்கிறாள். அப்பா உள்ளே அம்மாவின் பக்கத்தில் இருந்தார், மாமாவுக்குக் கதவைத் திறந்தது நான்தான் என்கிறாள். இருக்கலாம். அந்த நாளில் எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்பது அவருக்குள் கலந்துபோய்விட்டது. ஆனால் இலையின் முள்நுனி குத்தி உள்ளங்கை எரிந்துகொண்டிருந்ததும், அதே கையால் மைத்துனரின் பெட்டியை வாங்கியதும் நிச்சயமாக நடந்தவை.

"என்ன மாப்ள, இந்தக் குளிர்ல வெளியில நிக்கிறீங்க?"

"காத்தோட மழை வருதாம் மச்சான். இதைக் கட்டலேன்னா நடுவுல தண்ணி எறங்கி உறைஞ்சிடும்."

பசுபதி செடியைப் பார்த்தார். வாள் போன்ற இலைகளை எல்லாம் மேலே தூக்கிச் சேர்த்து, துணிக் கீற்றால் சுற்றியிருந்தது. குடுமி போட்டதுபோல இருந்தது.

"எங்க சுகர் லேண்ட் வெயில்ல இது ஃப்ரீவே ஓரமா தானா வளருது. ஒருத்தனும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். இந்த நியூ ஜெர்சியில வந்து இதுக்குக் குடுமி போட்டு, கூரை போட்டு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "எப்படி இருக்கா?"

"தூங்குறா. நேத்து காலையில கொஞ்சம் முழிச்சா. நீங்க வர்றீங்கன்னு சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"அண்ணனை ஜாக்கெட் எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்கன்னா."

மெல்லிய சட்டையில் நின்றிருந்த பசுபதி வேறு பக்கம் பார்த்தார். பிறகு பெட்டியைத் தானே வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மனைவி ஷ்யாமளாவின் கட்டில் இப்போது கீழே ஹாலில், கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி இருந்தது. கதவுக்கு வெளியே அவளுடைய மேடு. மணலும் உடைத்த கல்லும் கொட்டி இடுப்புயரத்துக்கு அவளே எழுப்பியது. அதில் யுக்காக்கள், சப்பாத்திக்கள்ளிகள், இன்னும் பெயர் தெரியாத முள் உருண்டைகள். மருந்துக் கம்பெனி வேலையாக ஒருமுறை நியூ மெக்ஸிகோவுக்குப் போனவள், பனிக்குள் பாதி புதைந்து நின்ற ஒரு கள்ளியைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. குளிர் இதுகளைக் கொல்லாது, ஈரம்தான் கொல்லும் என்பாள். நவம்பரில் நான்கு குழாய்களை நட்டு மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு போடுவாள். பக்கங்களை மூட மாட்டாள். குளிர் வரலாம், மழை வரக்கூடாது.

குளிர்காலம் நெருங்கினால் சப்பாத்திக்கள்ளி தன்னிடம் இருக்கும் நீரைத் தானே வெளியேற்றிவிடும். உறைந்து வெடிக்காமல் இருக்க அதற்குத் தெரிந்த வழி அது. தடித்த பச்சை மடல்கள் சுருங்கி, ஊதா நிறமாகி, தரையோடு படுத்துவிடும். முதல் வருடம் அதைப் பார்க்கப் பத்மநாபனால் முடியவில்லை. அவள் ஆபீஸுக்குப் போனதும், தினமும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரை ரகசியமாக ஊற்றினார். வசந்தத்தில் அவள் தொட்டுப் பார்த்தபோது மடல் அல்வாபோல விரலோடு வந்தது. விஷயம் தெரிந்ததும் அவள் கோபப்படவில்லை, சிரித்தாள். பொங்கல் விருந்து, கொலு, யார் வீட்டுப் பிறந்தநாள் என்றாலும் அந்தக் கதை வந்துவிடும். "எங்க வீட்டுக்காரர் மாதிரி நல்லவர் கிடையாது. ஒரு செடி வாடினாத் தாங்க மாட்டார். அதுக்குப் பேருதான் கருணைக் கொலை."

மத்தியானம், கடைசி நாட்களில் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் நர்ஸ் றெஜினா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நாடித் துடிப்பைப் பார்த்துவிட்டு, போர்வையை விலக்கிப் பாதங்களைத் தொட்டுப் பார்த்தார்.

"இனி வாயால ஒண்டும் குடுக்காதேங்கோ அண்ணை. விழுங்கிறது நிண்டிட்டுது. ஊத்தினா நெஞ்சுக்குள்ள போயிடும், மூச்சுத் திணறும். இந்தப் பஞ்சை நனைச்சு உதட்டைத் துடைச்சு விட்டாக் காணும், அதுவே போதும்."

குச்சி முனையில் பஞ்சு வைத்த பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"தாகமா இருக்காதா சிஸ்டர்?" என்று கேட்டார் பசுபதி.

"அவவுக்குத் தாகம் தெரியாது. எங்களுக்குத்தான் தெரியும்."

அவர் கிளம்பியதும் பசுபதி பெட்டியைத் திறந்தார். துண்டில் சுற்றிய சின்னச் செப்புச் சொம்பு ஒன்றை எடுத்தார். வாய் ஈயத்தால் அடைக்கப்பட்டிருந்தது.

"காசியில வாங்கினது. அப்பாவுக்கு நான்தான் ஊத்தினேன். அம்மாவுக்கும் நான்தான். தங்கச்சிப் பாப்பாவுக்கு ஒரே ஒரு ஸ்பூன், மாப்ள."

"வேண்டாம் மச்சான்."

"ஒரு வாய்."

"இப்பத்தானே சொல்லிட்டுப் போனாங்க. மூச்சுத் திணறிப் போகணுமா அவ?"

"தொண்டை காஞ்சு போகணுமா? யாரா இருந்தாலும் தாகத்தோட அனுப்ப மாட்டாங்க மாப்ள. தெருவுல போறவனுக்குக்கூடத் தண்ணி குடுப்போம்."

"மாமா, ப்ளீஸ்," என்றாள் ரக்ஷா. "ஷீ டிசைடட் திஸ். கடைசியில எதையும் திணிக்க வேண்டாம்னு அம்மாவே சொன்னாங்க."

"நீ சும்மா இரும்மா."

பத்மநாபன் கண்ணாடிக் கதவின் பக்கம் திரும்பினார். "அவளே சொல்லுவா மச்சான். வாடுதேன்னு குளிர்ல தண்ணி ஊத்தக்கூடாது. அது தானாத்தான் உள்ள இருக்கிறதை வெளிய விட்டுட்டு இருக்கும்னு."

"அது செடி மாப்ள," என்றார் பசுபதி. "அதுக்கு ஏப்ரல் வரும்."

மழை பிளாஸ்டிக் தகட்டின் மேல் விழ ஆரம்பித்திருந்தது. பசுபதி சொம்பைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். ரக்ஷாவும் போனாள். காபி மெஷின் ஓடி நின்றது. கோப்பைகளை எடுக்கும் சத்தம் கேட்கவில்லை.

கட்டிலருகில் பத்மநாபன் மட்டும் இருந்தார். ஷ்யாமளாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கீழுதட்டில் தோல் வெடித்து வெள்ளையாக நின்றது. பஞ்சால் துடைத்தார். துடைத்ததும் ஈரமாக இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. மறுபடி துடைத்தார். மறுபடி காய்ந்தது. ஒவ்வொரு மூச்சும் எங்கோ போய்த் தேடி எடுத்துக்கொண்டு வருவதுபோல வந்தது.

பஞ்சை நனைக்க வைத்திருந்த டம்ளரில் ஒரு ஸ்பூனும் கிடந்தது. அதை எப்போது எடுத்தார் என்று அவருக்குத் தெரியாது. ஸ்பூன் நிறையத் தண்ணீர் அவள் உதட்டிலிருந்து ஒரு விரல் தூரத்தில் இருந்தது. இவ்வளவுதானே. இவ்வளவு தண்ணீர் என்ன செய்துவிடும். ஸ்பூன் சாய்ந்து, ஒரு சொட்டு அவள் முகவாயில் விழுந்து கழுத்துப் பக்கம் இறங்கியது. அவர் ஸ்பூனை டம்ளருக்குள் போட்டார். போட்ட வேகத்தில் டம்ளர் மேசையில் தடுமாறி நின்றது. முந்தானையைச் சரிசெய்வதுபோல, அந்தச் சொட்டு போன வழியைப் போர்வை நுனியால் ஒற்றி எடுத்தார். அவருடைய தோள்கள் குலுங்கின.

நிமிர்ந்தபோது சமையலறை வாசலில் பசுபதி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

அவர் மேசைக்குப் போய்ச் சொம்பை எடுத்தார். கத்தி முனையால் ஈயத்தைக் கிளப்ப முயன்றார், வரவில்லை. ரக்ஷா டிராயரிலிருந்து ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்து கொடுத்தாள். திறந்ததும் கட்டிலின் மறுபக்கம் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பஞ்சைக் குடுங்க மாப்ள. எப்படித் துடைக்கணும்னு சொல்லுங்க."

"பிழிஞ்சிடுங்க. சொட்டக் கூடாது."

பசுபதி பஞ்சைச் சொம்பில் நனைத்து, விளிம்பில் அழுத்திப் பிழிந்தார். இன்னொரு முறை பிழிந்தார். தங்கையின் உதட்டோரம் மெதுவாக ஒற்றினார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் மச்சான்."

இரண்டாவது முறை ஒற்றும்போது ஷ்யாமளாவின் பற்கள் பஞ்சைப் பற்றிக்கொண்டன. பசுபதி இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"கடிச்சிட்டா!"

ரக்ஷா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். "அம்மா, லெட் கோ."

"விடு ஷ்யாமா," என்றார் பத்மநாபன்.

"இருக்கட்டும், இழுக்காதீங்க. அவளா விடுவா. சின்ன வயசுலயே இப்படித்தான். ஐஸ் தின்னு முடிச்சிட்டுக் குச்சியைத் தர மாட்டா. பிடுங்கினா என் கையைக் கடிப்பா. இந்தா பாருங்க." புறங்கையைக் காட்டினார். அங்கே தழும்பு எதுவும் தெரியவில்லை. பத்மநாபன் தெரிவதுபோலத் தலையாட்டினார்.

பசுபதி குச்சியைப் பிடித்தபடியே இருந்தார். கொஞ்ச நேரத்தில் பற்கள் தாமாகத் தளர்ந்தன. பிறகு ரக்ஷா ஒற்றினாள். பிறகு பத்மநாபன். யாரும் அவசரப்படவில்லை. வெளியே வெளிச்சம் மங்கும் முன்பே, ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூவரும் காத்திருந்தார்கள். அடுத்தது வரவில்லை. அதன் பிறகும் காத்திருந்தார்கள்.

தகனத்துக்கு முன் குளிப்பாட்ட ஃப்யூனரல் ஹோமில் தனி அறை கொடுத்தார்கள். ஓடு பதித்த தரை, நடுவில் ஸ்டீல் மேசை, சுவரில் ஒரு குழாய். ரக்ஷாவும் பக்கத்து வீட்டு ஸ்வர்ணா ஆன்ட்டியும் குளிப்பாட்டி முடித்து, வெள்ளைத் துணி போர்த்திவிட்டு ஆண்களைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு சொம்பு ஊற்ற வேண்டும். பசுபதியிடம் அந்தச் செப்புச் சொம்பு இருந்தது. ஏறக்குறைய நிறைந்தே இருந்தது.

மேசையருகே போனவர் நின்று திரும்பினார்.

"இப்ப ஊத்தலாம்ல மாப்ள?"

"ஊத்துங்க மச்சான்."

தலையில் ஊற்றினார். தோளில், கைகளில் ஊற்றினார். பாதத்துக்கு வரும்போது தீர்ந்துவிட்டது. பசுபதி சுவரோரம் போய்க் குழாயைத் திறந்து சொம்பை நிரப்பிக்கொண்டு வந்து பாதங்களில் ஊற்றினார். மறுபடி போனார். மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தார். ஓட்டின் மேல் ஓடிய தண்ணீர் பத்மநாபனின் கால் விரல்களை நனைத்தது. கதவருகே நின்ற ஊழியப் பெண் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. போதும் என்று யாரும் சொல்லவில்லை.

ரக்ஷா பாஸ்டனில் வேலைக்குத் திரும்பினாள். றெஜினா வேறு வீடுகளுக்குப் போகிறார். அந்தக் குளிர்காலத்தில் மேட்டில் இருந்தவற்றில் சில அழுகின, பல பிழைத்தன. மறு வருடம் பசுபதிக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. பத்மநாபன் சுகர் லேண்டுக்குப் போய் அவர் எழுந்து நடக்கும்வரை கூட இருந்தார். சாயங்காலங்களில் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு சும்மா சுற்றிவிட்டு வருவார். ஃப்ரீவே ஓரத்தில் யுக்கா தெரிந்தால் இருவரும் திரும்பிப் பார்ப்பார்கள்.