மாமாவின் பெயரில் துடித்தது

அகில இலங்கை சமாதான நீதவானும், ஆலய பரிபாலன சபைத் தலைவரும், சனசமூக நிலையக் காப்பாளரும், குருநாகலில் முப்பது வருஷம் கடை நடத்தி இளைப்பாறியவருமான திருவாளர் அரியநாயகம் அவர்களுடைய இதயம், மார்ச் பத்தாம் திகதி செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு நிமிஷத்துக்கு நூற்று அறுபத்தெட்டுத் தரம் துடித்தது. அந்த நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அவரே கைப்பட எழுதியிருந்தார்: "பி.ப. 5.00. ஆலய வசந்த மண்டபத்தில் புராணபடனம். அடியேன் பாட்டுகளுக்குப் பயன் உரைத்தேன். மனம் நிர்மலமாக இருந்தது."

எழுபத்தொரு வயது மனுசன், சப்பாணி கட்டி இருந்துகொண்டு, நிர்மலமான மனதோடு, நூற்று அறுபத்தெட்டு. பிரியவதனி கணினித் திரையைப் பார்த்தாள், கடதாசியைப் பார்த்தாள், திரும்பவும் திரையைப் பார்த்தாள்.

அந்தத் தீவு ஆஸ்பத்திரியில் அவள் ஈ.சி.ஜி. பதிவாளர். வருகிற சனத்துக்கு அவள் 'வயர் மிஸ்ஸி'. நெஞ்சிலே ஸ்ரிக்கர் ஒட்டி, வயர் பூட்டி, துடிப்பைக் கடதாசியில் எடுத்து டொக்டரிடம் கொடுப்பது அவள் வேலை. ஊரில் பெரிய மனிதர்கள் எல்லாரும் ஒருநாள் அவளுடைய கட்டிலில் சேட்டைக் கழற்றிப்போட்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு படுத்தவர்கள்தான். "கரண்ட் அடிக்காதோ பிள்ளை?" என்று முதலில் கேட்பவர்களும் அவர்கள்தான்.

நெஞ்சு நோ எப்போதோ ஒருக்கால் வந்துபோகிறவர்களுக்கு ஒரு பெட்டி இருந்தது. ஸ்ரிக்கர்களை ஒட்டி, பெட்டியை இடுப்பில் கட்டிவிட்டால் இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஒவ்வொரு துடிப்பையும் அது எழுதும். கட்டியவர் தான் எந்த நேரத்தில் என்ன செய்தார் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வரவேண்டும். பெட்டியை அன்பளிப்புச் செய்தது ரொறன்ரோவில் இருக்கும் ஊர் ஒன்றியம். பெட்டி ஒரு சவர்க்காரக் கட்டியளவு. அது வந்த கதையைச் சொல்லும் கல்வெட்டு அறைக் கதவளவு. கல்வெட்டில் முதல் பெயர் அரியநாயகம் அவர்களுடையது.

அவர் பிரியவதனிக்குத் தாய்மாமன். அவளைப் படிப்பித்தது தான் என்றும், வேலை எடுத்துக் கொடுத்தது தான் என்றும், பிரதாபனைப் பார்த்துக் கட்டிவைத்தது தான் என்றும் சபைகளில் சொல்லுவார். கடைசி ஒன்று மட்டும் உண்மை.

வருகிற மாதம் ஒன்றியத்தின் வெள்ளிவிழா. மாமாவுக்குத் 'தீவகப் பேரொளி' என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தப்போகிறார்கள். பயணக் காப்புறுதிக்காரர்தான் இடையில் வந்து குழப்பினார்கள்: வயது எழுபதுக்கு மேல், ஏற்கெனவே இரண்டுதரம் தலைசுற்றி விழுந்திருக்கிறார், இதயத்துக்கு நற்சான்று வேண்டும். டொக்டர் றொபேட் ஒருநாள் பதிவு கேட்டார். செவ்வாய் காலை ஒன்பது மணிக்குப் பிரியவதனி தன் கையாலேயே மாமாவுக்கு ஸ்ரிக்கர் ஒட்டிப் பெட்டியைக் கட்டினாள். புதன் காலை ஒன்பது மணிக்குத் தன் கையாலேயே கழற்றினாள். பங்குனி வெயிலில் ஒரு பகலும் இரவும் கிடந்த ஸ்ரிக்கர் வேர்வையில் சுருண்டு வரும். மாமாவுடையது அப்போதுதான் பக்கற்றில் இருந்து எடுத்ததுபோல் இருந்தது. பெரிய மனிதர்களுக்கு வேர்ப்பதில்லையாக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கிளினிக் முடிந்த பிறகு பதிவைத் தொடக்கத்தில் இருந்து ஓட்டினாள்.

முதல் நாற்பது நிமிஷம் ஒரு கிழட்டு இதயம் நடந்தது. நடந்தது, தடக்கியது, நின்றது, யோசித்தது, திரும்ப நடந்தது. நாலு இடத்தில் நின்றிருந்தது. ஒரு இடத்தில் மூன்றரை வினாடிக்கும் மேலே. அந்த இடத்தை அவள் இரண்டாந்தரமும் அளந்தாள். அந்த மூன்றரை, ஒருநாள் ஏழெட்டு ஆனால் மாமா திரும்ப எழும்பமாட்டார்.

அதன்பிறகு பன்னிரண்டு பதின்மூன்று நிமிஷம் வெறும் கிறுக்கல். ஸ்ரிக்கரைக் கழற்றினால் அப்படித்தான் வரும். கிறுக்கல் முடிந்ததும் ஒரு இளம் இதயம் தொடங்கியது. மூச்சுக்கு ஏற்றபடி ஏறி இறங்கி, ஒரு தடக்கலும் இல்லாமல். பின்னேரம் ஐந்துக்கு நூற்று அறுபத்தெட்டுக்கு ஏறி, ஆறரைக்கு இறங்கி, இராத்திரி முழுக்க நாற்பத்தெட்டில் நித்திரை கொண்டது. "மு.ப. 4.00. எழுந்து நீராடிச் சிவபூசை" என்று தாளில் இருந்தது. இதயம் ஏழு மணிவரை புரண்டுகூடப் படுக்கவில்லை. எட்டரைக்குத் திரும்பவும் கிறுக்கல், கடைசியில் பழைய கிழட்டு இதயம்.

மாமா ஆரோ ஒரு பெடியனைப் பிடித்துக் கட்டிவிட்டிருக்கிறார். அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. ஆர் அந்தப் பெடியன் என்று ஒரு துடிப்பைப் பெருப்பித்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

அலையின் உச்சியில் இன்னொரு குட்டி உச்சி. முயலின் இரண்டு காதுபோல. பிறவியில் சிலருக்கு இருக்கும், குற்றமில்லை. கலியாணம் முடித்த புதிதில், ஆஸ்பத்திரிக்கு வந்த புது மெசினில் கைபழக அவளுக்கு ஒரு நெஞ்சு தேவைப்பட்டபோது பிரதாபன்தான் வந்து படுத்தான். ஒரு கிழமை பின்னேரங்களில் இருபது முப்பது தரம் எடுத்திருப்பாள். அந்த இரண்டு காதும், பெரியது வலப்பக்கம், அவளுக்குக் கையெழுத்துப்போலப் பழக்கம்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் என்ன சொன்னான்? மண்கும்பானில் கரப்பந்தாட்டம், முடிய மண்டைதீவில் அம்மா வீட்டில் நின்றுவிட்டு வாறன், அம்மாவுக்கு முழங்கால் நோ கூட. அவள் நோவெண்ணெய்ப் போத்தலைப் பழந்துணியில் சுற்றிப் பையில் வைத்துவிட்டாள்.

கரப்பந்தாட்டம் மட்டும் உண்மை.

அவனுடைய பகுதியில் கிறுக்கல் எதுவும் இல்லை. ஐந்து ஸ்ரிக்கரும் இம்மியும் பிசகாமல் சரியான இடத்தில் ஒட்டப்பட்டிருந்தன. இடங்களை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். "இஞ்சை சிவப்பு, இஞ்சை பச்சை" என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டியபோது அவன் கூச்சத்தில் நெளிந்து சிரித்தவன்.

இரண்டு மணிக்கு மாமா வந்தார். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு. கல்வெட்டைக் கடக்கும்போது வழக்கம்போல ஒருகணம் நின்றார்.

"என்ன பிள்ளை, றிப்போட் அடிச்சாச்சோ? வெள்ளிக்கிழமைக்கு முன்னம் அனுப்பவேணும். அங்கை நோட்டீசும் அடிச்சிட்டாங்கள்." போனில் நோட்டீசைக் காட்டினார். இருபது வருஷத்துக்கு முந்திய மாமா அதில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இருங்கோ மாமா. பெட்டியை ஆர் கட்டியிருந்தது?"

"இதென்ன கேள்வி. நீதானே எனக்குக் கட்டினனீ."

"நாப்பது நிமிஷம் நீங்கள். அங்காலை?"

"மெசின் பிழைச்சிருக்கும்."

"பின்னேரம் அஞ்சு மணிக்கு நூற்றறுபத்தெட்டு அடிச்சிருக்கு."

"பயன் சொல்லேக்கை எனக்கொரு ஆவேசம் வாறதுதான். சனத்தைக் கேட்டுப் பார்."

"மனம் நிர்மலம் எண்டு எழுதியிருக்கிறியள்."

மாமா மின்விசிறியைப் பார்த்தார். குருநாகல் கடையில் முப்பது வருஷம் பேரம் பேசியவருக்கு, எந்த இடத்தில் விலையை இறக்கவேண்டும் என்று தெரியும்.

"அவன் உளறிப்போட்டானாக்கும்."

"அவர் வாய் திறக்கேல்லை. அவரின்ரை நெஞ்சை எனக்குத் தெரியும்."

"சரி, தெரிஞ்சாலும் என்ன பிள்ளை? பிறத்தியாற்றை நெஞ்சையே வைச்சனாங்கள்? மருமகன்ரை நெஞ்சு. எல்லாம் குடும்பத்துக்குள்ளைதானே."

"மாமா, உங்கடை நெஞ்சு மூண்டரைச் செக்கன் நிண்டிருக்கு. இது பகிடியில்லை."

"நிண்டால் என்ன? பிறகு வெளிக்கிட்டதுதானே. எங்கடை பஸ்ஸும் அப்பிடித்தான் போய்ச் சேருது."

"பிளேனிலை நிண்டால்?"

"பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்து பாப்பம்." கதிரையை முன்னே இழுத்துக் குரலைத் தாழ்த்தினார். "நீ உன்ரை பக்கத்தையும் யோசிக்கவேணும். நான் போகாட்டில் அவனும் போகேலாது. எனக்கு உதவியாள் எண்டுதானே அவன்ரை விசாவுக்கும் போட்டது."

"எங்கை போகேலாது?"

மாமாவின் முகத்தில் உண்மையான ஆச்சரியம் தெரிந்தது. அன்று முழுக்க அவர் முகத்தில் தெரிந்த ஒரே உண்மை அதுதான்.

"அட, அவன் உனக்குச் சொல்லேல்லையே? தை மாசமே பாஸ்போட் எடுத்தாச்சு. அங்கை இறங்கினாப்போலை போன் எடுத்துச் சொல்லுவம் எண்டவன். நீ அழுது குழறித் தடுப்பாய் எண்டு பயந்திருப்பான், பாவம்."

"எத்தினை நாளைக்கு?"

"போனவையிலை ஆர் நாள் எண்ணித் திரும்பி வந்தது? அங்கை நிக்கிற அலுவல் சரிவந்தால் அஞ்சாறு வரியத்திலை உன்னைக் கூப்பிடுவான். நான் பொறுப்பு."

தை மாதம் பொங்கலுக்குப் பிரியவதனி பிரதாபனுக்கு ஒரு நீலச் சேட் வாங்கிக் கொடுத்தாள். யாழ்ப்பாணத்தில் அலுவலாம் என்று அதைப் போட்டுக்கொண்டு போனான். வடிவாயிருக்கிறியள் என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள். பாஸ்போட் படத்தில் அந்தச் சேட்தான் இருக்கும்.

"இப்ப கையெழுத்தை வைச்சுத் தா," என்றார் மாமா. "வைக்காட்டில், நீதான் ஆற்றையோ பதிவை என்ரை பேரிலை மாறிப் போட்டனீ எண்டு நான் சொல்லவேண்டி வரும். விசாரணை வந்தால் ஒரு சமாதான நீதவானை நம்புவினமோ, வயர் பூட்டுற பிள்ளையை நம்புவினமோ? அதோடை, இந்தப் பெட்டியே நான் தந்தது. மறந்திடாதை."

"பின்னேரம் முடிச்சு வைக்கிறன்," என்றாள்.

அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, கல்வெட்டின் முன்னால் இன்னொருதரம் நின்றுவிட்டுப் போனார்.

அவள் அறிக்கையை எடுத்தாள். அடியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். வழக்கமாக அதில் ஒரு வரிதான் எழுதுவாள், பல நாள் அதுவும் இல்லை. இன்று கட்டம் போதவில்லை. எழுதினாள்: "9.02 முதல் 9.41 வரை நோயாளியின் துடிப்பு. நான்கு தரம் நின்றுள்ளது. ஆகக்கூடியது 3.6 வினாடி. 9.54 முதல் மறுநாள் காலை 8.30 வரை பதிவாகியிருப்பது நோயாளியின் இதயம் அல்ல. அது பிரதாபன், வயது 34, என்பவருடையது. அடையாளம் காட்டியவர்: மனைவி."

எழுதிமுடித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. பிரேத அறைத் தாளில்தான் அப்படி ஒரு வரி வரும். வெட்டுவோமா என்று பேனையைக் கொண்டுபோனாள். வெட்டவில்லை. கீழே முழுப்பெயரில் கையெழுத்து வைத்தாள்.

டொக்டர் றொபேட் அதை இரண்டுதரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நிச்சயமோ?"

"ஓம் டொக்டர். பழைய பதிவுகளும் இருக்கு. ஒப்பிட்டுப் பாக்கலாம்."

"உம்மட்டையும் விளக்கம் கேப்பினம், தெரியுமோ? வீட்டிலையும் உமக்குச் சுகமாய் இராது. வேணுமெண்டால் இதைக் கிழிச்சுப்போட்டு, மெசின் பழுது, திரும்ப எடுக்கவேணும் எண்டு எழுதலாம்."

"திரும்பக் கட்டினாலும் திரும்பக் கழட்டுவினம் டொக்டர்."

அவர் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு போன் எடுத்து, பேஸ்மேக்கர் வைக்கவேண்டிய ஒரு ஆளுக்குக் கட்டில் கேட்டார். காலை எட்டு மணிக்கு அம்புலன்சில் அனுப்புவதாகச் சொன்னார். அறிக்கையை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது பிரதாபன் குசினி வாசலில் கதிரை போட்டு இருந்தான். அந்த வெக்கைக்கும் சேட் பொத்தான் கழுத்துவரை பூட்டியிருந்தது. அவள் பால் விடாத பிளேன்ரீ போட்டுக் கொடுத்தாள். பாதி குடித்த பிறகுதான் அவனுக்கு வாய் வந்தது.

"மாமா போன் எடுத்தவர்."

"ம்."

"நான் சொல்லத்தான் இருந்தனான் வதனி. ஒவ்வொரு நாளும் நாளைக்கு நாளைக்கு எண்டு போட்டுது."

"மாமியின்ரை முழங்கால் எப்பிடி?"

அவன் கோப்பையைப் பார்த்தான். "அம்மா சுகமாய்த்தான் இருக்கிறா. எண்ணெய் மாமா வீட்டிலை கிடக்கு."

குசினிக்குள் அவள் அரிசியைக் கழுவினாள். இரண்டு பேருக்கு ஒரு சுண்டு போடுவதா, தனக்கு மட்டும் அரைச்சுண்டு போதுமா என்று கை ஒருகணம் நின்றது. ஒரு சுண்டே போட்டாள்.

"கோவமோ?" என்றான்.

"நீங்கள் போறதுக்குக் கோவமில்லை. என்னட்டைப் படிச்சதை வைச்சு என்னையே பேய்க்காட்டினியள்."

"மாமாதான் கேட்டவர். என்ரை நெஞ்சாலை ஒருத்தருக்கும் நட்டமில்லைத்தானே எண்டு..." முடிக்காமல் நிறுத்தினான். அவள் அழவில்லை, கத்தவில்லை, சட்டி பானையும் எறியவில்லை. அது அவனுக்குத் தெம்பாக இருந்தது. ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றே நினைத்தான். கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்தான்.

"ஒண்டு கேக்கட்டே? நாள் முழுக்கப் பாத்தனீதானே. என்ரை நெஞ்சிலை ஏதும் பிழை கிடக்கோ?"

"ஒரு பிழையுமில்லை. நல்ல நெஞ்சு. எவ்வளவு தூரமும் போகலாம்."

அவன் முகம் மலர்ந்தது. ஒரு பொத்தானைக் கழற்றினான். ஸ்ரிக்கர் இருந்த இடத்தில் வட்டமாய்ச் சிவந்திருந்தது.

"அப்ப, அந்தப் பக்கங்களை மட்டும் என்ரை பேரிலை ஒரு கொப்பி எடுக்கேலாதோ? அங்கை வேலைக்கு மெடிக்கல் கேப்பாங்களாம்."

பிரியவதனி அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள்.

"உங்கடை பேரிலைதான் இருக்கு. வயதும் போட்டிருக்கிறன். டொக்டர் றொபேட்டின்ரை லாச்சிக்குள்ளை கிடக்கு. காலமை எட்டு மணிக்குப் பிறகு போய்க் கேளுங்கோ. மாமாவை அம்புலன்சிலை ஏத்தி அனுப்பினாப் பிறகு அவருக்கு நேரமிருக்கும்."

பிரதாபன் கோப்பையை வைக்க இடம் தேடினான். பக்கத்தில் ஒன்றும் இல்லை. கையில் பிடித்தபடியே இருந்தான்.