திருப்பி அனுப்பிய கிட்

திரையில் ஆறு என்று வந்து நின்றது. வைட்டமின் டி குறைந்தது இருபதாவது இருக்க வேண்டிய இடத்தில், வெறும் ஆறு! ஆஸ்பத்திரியே லேப் அக்கா என்று கூப்பிடும் அவள், எண்ணை இன்னொரு முறை பார்த்தாள். அது அவள் கூடப்பிறந்த தம்பியின் ரத்தம். வைரஸ் காய்ச்சல் நுரையீரலில் இறங்கி, மூன்றாவது மாடியில் ஆக்சிஜன் முகமூடியோடு கிடக்கிறான்.

இதே ஆறை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். அதுதான் தூக்கிவாரிப் போட்டது.

எட்டு மாதத்துக்கு முன், ரத்தத்தில் வைட்டமின் டி அளவு பார்க்கும் புது கிட் ஒன்று வந்தது. புது கிட் வந்தால், நோயாளிகளுக்குப் பயன்படுத்துவதற்கு முன் நோயில்லாத நல்ல ஆட்கள் சிலரைப் பிடித்துச் சோதித்துப் பார்ப்பது அந்த லேபின் வழக்கம். நல்ல ஆள் என்றால் யார்? ஆஸ்பத்திரியின் நிலத்தடித் தளத்தில் துணி வெளுக்கும் சலவைக்கூடத்து ஆட்கள்தான். கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள், ஊசிக்கு முகம் சுளிக்க மாட்டார்கள், ஈரப் போர்வை மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குவார்கள். தம்பிக்கும் அங்கேதான் வேலை. அவனையும் சேர்த்து ஒன்பது பேர் வந்து கையை நீட்டினார்கள். ஒன்பது பேருக்கும் பத்துக்குக் கீழே; தம்பிக்கு ஆறு.

"அதெப்படி அத்தனை பேருக்கும் குறையும்? கிட்டுதான் கெட்டுப்போச்சு" என்று அடித்துச் சொல்லிவிட்டாள். கிட் சரியா என்று பார்க்க அதோடு வந்த சரிபார்ப்புத் திரவம் ஒழுங்கான எண்ணைத்தான் காட்டியது. நம் அம்மணி அதையும் நம்பவில்லை. அந்த ஒன்பது பேரோ விடியுமுன் கீழே இறங்கி, இருட்டிய பிறகு மேலே வருகிறவர்கள். வருஷக்கணக்காக வெயிலே படாதவர்கள். இது அவள் மண்டைக்கு எட்டியதா? எட்டவில்லையே! பெட்டியைக் கட்டித் திருப்பி அனுப்பினாள். "எல்லாரும் கல்லு மாதிரி இருக்கீங்க, போங்க" என்று சிரித்து வேறு வைத்தாள். இன்று சோதித்தது வேறு கம்பெனியின் கிட். அதுவும் ஆறு என்கிறது.

ரிசல்ட் தாளோடு மாடிக்கு ஓடினாள். டாக்டர் வாங்கிப் பார்த்தார்.

"இதனாலதான் இப்படி முத்திச்சுன்னு சொல்ல முடியாதும்மா. ஆனா இது குறைஞ்சவங்கள்ல நிறைய பேருக்கு மோசமாகுறதைப் பார்க்கிறோம்."

"எட்டு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா, டாக்டர்?"

"மாத்திரை கொடுத்து ஏத்தியிருக்கலாம். அதுல தப்பிச்சிருப்பாரான்னு யாராலயும் சொல்ல முடியாது."

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லித் தொலைத்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தம்பி கண்ணைத் திறந்து பார்த்தான். "என்னக்கா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? நான் இன்னும் போகலை."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "டேய், அன்னிக்கு ரத்தம் எடுத்தேனே, உனக்கு ஆறுதான்டா வந்துச்சு. உங்க ஒன்பது பேருக்குமே குறைவுதான். நான்தான் நம்பலை. உன்கிட்ட சொல்லவே இல்லடா."

திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருக்கலாம். அவன் முகமூடியை விலக்கி, மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டான்.

"மத்த எட்டு பேருக்கு... சொல்லிட்டியா?"

தம்பி, தம்பி என்று ஓடியவளுக்கு அந்த எட்டு பேரின் நினைவே வரவில்லை. சலவைக்கூடத்து மேஸ்திரிக்கு அங்கிருந்தே போன் போட்டாள்.

"அண்ணே, எட்டு மாசம் முன்னாடி என் தம்பியோட ரத்தம் கொடுத்தாங்களே, அந்த எட்டு பேரையும் உடனே மேல அனுப்புங்க."

"யாரைம்மா அனுப்புறது? அதுல ரெண்டு பேருதான் வேலைக்கு வந்திருக்காங்க. மத்தவங்களுக்கு முந்தாநாள்லேருந்து காய்ச்சல்."