இந்திரன் கொண்டுபோகிற ஜபம்

"மகராஜ், எனக்கும் மந்திரம் கொடுங்க."

கேட்டுவிட்டேன். குருஜியின் இலையில் அவல் மேல் தயிர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. அவரிடம் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் வாயால் சொல்லாதே என்று அவள் எனக்கு எத்தனையோ முறை சொல்லி வைத்திருந்தாள்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. குருஜியின் முகத்தைப் பார்த்தார், எங்கள் மிட்டாய்க் கடையில் வாடிக்கையாளர் ஜிலேபி சரியில்லை என்று சொன்னால் பார்ப்பதுபோல.

எங்கள் வீட்டில் அப்பா ஜபம் செய்வார். ஜபத்துக்கு முன்னால் ஆகவேண்டிய எல்லாவற்றையும் நான் செய்வேன். விடியுமுன் குளித்து, மூலையிலிருந்து பெருக்கி, சாணம் மெழுகி, காயும்வரை காத்திருந்து, தர்ப்பைப் பாயை விரித்து, அதன்மேல் கம்பளியைச் சுருக்கமில்லாமல் போடவேண்டும். செம்பில் தண்ணீர், அதை எடுத்து விட உத்தரணிக் கரண்டி, நெய் விளக்கு. கிழக்குப் பார்த்து ஜபமாலைப் பை. பிறகு அவர் உட்கார்ந்ததும் வீடே மூச்சை அடக்கும். குக்கர் விசில் அடிக்கக் கூடாது. தெருநாய் குரைக்குமுன் அதை விரட்டுவதும் என் வேலைதான். இந்த மிதிலையில் எத்தனை வீட்டில் இப்படி எத்தனை பெண்கள் நாய் விரட்டுகிறார்களோ!

எழுந்திருக்குமுன் ஓர் உத்தரணித் தண்ணீரை ஆசனத்துக்கு முன் விட்டு, அந்த ஈரத்தைத் தொட்டு நெற்றியில் வைக்கவேண்டும். மறந்தால் அன்றைய ஜபத்தின் பலனை இந்திரன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். அப்பா ஒருநாளும் மறந்ததில்லை. கல்லாப்பெட்டியைப் பூட்டுகிற ஞாபகம் அது.

இந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். வேதியியல். சான்றிதழைச் சட்டம் போட்டு மிட்டாய்க் கடையில் மாட்டியிருக்கிறார் அப்பா. எண்ணெய்ப் புகையில் என் பெயர் மஞ்சளாகிவிட்டது. மாட்டிக் காட்டுவதற்கு மட்டும் நான் வேண்டும்.

குருஜி வந்திருந்தது என் அண்ணன் லலனுக்கு மந்திரம் கொடுக்க. அவன் கேட்கவே இல்லை. காலையில்கூட என்னிடம், "ஏய் சுனைனா, இனிமே தினமும் விடியக்காலைல எழுந்திரிக்கணுமாமே. எனக்குப் பதிலா நீ உக்காந்துக்கயேன், மகராஜுக்கு என்ன தெரியவா போகுது?" என்று கொட்டாவி விட்டான். அவனுக்கு அது வேடிக்கை.

குருஜி சிரித்தார். கோபக்காரர் இல்லை அவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"கேக்கறது தப்பில்ல அம்மாடி. கல்யாணம் ஆகட்டும். புருஷனோட ஜோடியா உக்காந்து அவங்க வீட்டுக் குருகிட்ட வாங்கிக்கணும். இப்பவே கொடுத்தா அது எந்த வீட்டு மந்திரம்னு சொல்றது?"

"சொல்லப்போற நாக்கு என்னோடதுதானே மகராஜ்?"

"நாக்கைப் பாரு!" என்றாள் அம்மா. "இதுக்குத்தான் காலேஜுக்கு அனுப்பாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

"உள்ள போ," என்றார் அப்பா.

போனேன். நான் மெழுகிய தரையில், நான் விரித்த கம்பளியில் லலன் உட்கார்ந்தான். வேறு காது கேட்கக்கூடாதென்று இருவர் தலைமேலும் துணி போர்த்தி, குருஜி அவன் காதில் சொன்னார். பிறகு அவனை ஜபத்தில் விட்டுவிட்டு எல்லோரும் வாசற்படிக்கு வந்தோம். நான் வழக்கம்போல நாய் வராமல் காவல் நின்றேன்.

தெருவில் மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்தது. அவன் கூட்டாளி பப்லு. லலன் மாலையைப் பையில் திணித்தான், எழுந்தான், எங்களைத் தாண்டி ஓடினான். வண்டி கிளம்பியும் விட்டது.

"அடப்பாவி! தண்ணி விடலயே!" அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். "முதல் நாள் ஜபத்தையே இந்திரன் தூக்கிட்டுப் போயிட்டானே!"

அப்பா தவித்துப்போனார். "மகராஜ், ஏதாவது வழி?"

குருஜி யோசித்தார். "ஆசனம் இன்னும் மடிக்கலயே. கூடப் பிறந்தவ அவன் பேரைச் சொல்லித் தண்ணி விட்டு, அந்த ஈரத்தை எடுத்து வைக்கட்டும். அவன் வந்ததும் நெத்தியில இட்டுடலாம்."

"சுனைனா, சீக்கிரம்மா!" என்றார் அப்பா. அம்மா என்று கூப்பிட்டார். அன்றைக்கு அதுதான் முதல் முறை.

மந்திரத்துக்கு ஆகாத கை, அவன் சிந்திவிட்டுப் போனதை அள்ள ஆகும்.

உள்ளே போனேன். செம்பிலிருந்து ஓர் உத்தரணித் தண்ணீர் எடுத்து ஆசனத்துக்கு முன் விட்டேன். எந்தப் பெயரும் சொல்லவில்லை. விரலால் அந்த ஈரத்தைத் தொட்டு என் நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

"ஐயோ, ஐயோ! என்னடி பண்ணிட்ட!" அம்மா வாசற்படியிலிருந்து அலறினாள்.

"தரையை மெழுகினது நான். அதுக்கான பலனை எடுத்துக்கிட்டேன். லலனோடது இந்திரன்கிட்ட இருக்கு, அங்க போய்க் கேளுங்க."

அப்பா கையை ஓங்கினார். குருஜி அப்பாவைத் தடுத்து, "விடுங்க ஷாஜி" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் என்ன நினைத்தாரோ, நான் நின்று பார்க்கவில்லை.

கட்டிலடியில் பை இருந்தது. முந்தின நாளே கட்டி வைத்தது. முசாஃபர்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, சிநேகிதியோடு அறை. குருஜி சரி என்றிருந்தால் பையை அவிழ்த்திருப்பேன், இந்த வீட்டிலேயே எனக்கும் ஒரு மூலை கிடைத்தது என்று இருந்திருப்பேன். பையில் உடுப்புக்கு மேலே ஒரு கம்பளி மடித்திருந்தது. யாரும் இன்னும் உட்காராதது.

"எங்கடி கிளம்பிட்ட?" என்றார் அப்பா.

"வேலைக்கு."

"மந்திரம் இல்லாம என்னத்தை ஜபிக்கப்போற?"

"அது என் பாடு."

அம்மா வாசல்வரை ஓடி வந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்பாள், எப்போது வருவாய் என்று கேட்பாள் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"நாளைக்குக் காலைல யாருடி மெழுகறது?" என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.